படிப்பு வராதவனை எனக்கு அனுப்பாதீர்கள்: திருகோணமலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்து உயர்தரப் பாடசாலைகளின் அதிபர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் திருக்கடலூர்க் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழில். பெயர் முக்கியமில்லை, கரையில் இறங்கி 'எஞ்சின் பாஸ்' எங்கே என்று கேட்டால் வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். உங்களில் சிலருடைய தகப்பன்மாரின் எஞ்சின்களை நான் திறந்து மூடியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பு வராது. உங்களிடம் விட்டால் ஏதாவது தொழில் பழகிக்கொள்வார்கள்" என்றார். நல்ல மனிதர். பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்ற அக்கறையில் கேட்டார். நான் "பார்ப்போம் சேர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டிய பதில் வாய்க்கு வந்தது. அன்று சொல்லாததை இப்போது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறேன்: படிப்பு வராதவனுக்கு என் தொழிலும் வராது.

கோபித்துக்கொள்ளாமல் மீதியையும் வாசியுங்கள்.

2023 இல் என்னிடம் ஒரு பையன் இருந்தான். ஒரு பாடசாலையின் தொழிற்கல்விப் பிரிவில் சில மாதம் இருந்துவிட்டு, இடையில் நின்று, தாயார் அழைத்து வந்து விட்ட பிள்ளை. கைச்சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. துருப்பிடித்த போல்ட்டை உடைக்காமல் கழற்றுவதில் ஒரு மாதத்தில் என்னை நெருங்கிவிட்டான். எங்கள் படகுகள் குடிக்கும் மண்ணெண்ணெய் அந்த நேரம் விற்ற விலை உங்களுக்கு நினைவிருக்கும். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனது. அதற்குப் பிறகு கடலுக்குப் போகிறவன் ஒவ்வொரு துளியையும் கணக்குப் பார்த்தான்.

எங்கள் கரையில் இன்னமும் ஓடுபவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். இவற்றுக்கு ஒயிலுக்கென்று தனி அறை கிடையாது. எரிபொருளோடு கலந்துதான் ஒயில் உள்ளே போகும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வழுவழுப்புத் தருவது அதுதான். ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு ஒயில். 25 லீட்டர்க் கலனுக்கு அரை லீட்டர். ஒரு நாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் அவசரப்படுத்த, பையனே கலந்து கொடுத்தான். 500 மில்லிலீட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 50 மில்லிலீட்டர் ஊற்றினான்.

எஞ்சின் உடனே நிற்காது. அதுதான் இதில் உள்ள மோசம். கரையில் நன்றாக ஓடும், சத்தம் இன்னும் துப்புரவாகக்கூடக் கேட்கும். கொட்டியாரக் குடாவின் வாயைத் தாண்டியதும் பிஸ்டன் இறுகிவிட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்து சேர்த்தபோது இரவு பத்து மணி. மறுநாள் திறந்து பார்த்தேன். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை பூனை பிறாண்டியது போல நீளக் கோடுகள். கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தேன். செலவு என்னுடையது. பையன் இரண்டு நாள் பட்டறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றுவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவனை உள்ளே கூப்பிட்டேன். ஒரு தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்து, வெறும் வாளியில் ஐம்பது கோப்பை தண்ணீர் ஊற்றி எண்ணச் சொன்னேன். ஊற்றினான். பிறகு அதே கோப்பையில் கழிவு ஒயில் ஒன்று நிரப்பி ஊற்றச் சொன்னேன். தண்ணீரின் மேலே கறுப்பாகப் படர்ந்து நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தான். "இவ்வளவா?" என்றான். "இவ்வளவுதான்" என்றேன். இருபது லீட்டருக்கு எவ்வளவு என்றேன். 400 என்றான். பன்னிரண்டுக்கு? 240. ஏழுக்கு? விரல் மடக்காமல் 140 என்றான்.

"பாடசாலையில் விகிதம் படிக்கவில்லையா?"

"படித்தேன் பாஸ். அண்ணனும் தம்பியும் காசு பிரிக்கிற கணக்கு."

கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை அவன். இந்தப் பிள்ளையைத்தான் 'படிப்பு வராது' என்று சொல்லித் தொழிற்பிரிவுக்குள் தள்ளினார்கள். அண்ணன் தம்பி இல்லாத பிள்ளைக்கு அந்தக் காசுக் கணக்கில் என்ன ஒட்டுதல் இருக்கப்போகிறது என்று நான் அன்று சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தக் கோப்பையும் வாளியும் அவன் தரம் 9 இல் இருக்கும்போது கண்ணில் பட்டிருந்தால் பரீட்சைக்கும் உதவியிருக்கும், என் பிஸ்டனும் தப்பியிருக்கும்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் நாடு முழுவதும் 42 பாடசாலைகளில் தொடங்கியது, பிறகு விரிந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி: சாதாரண தரப் பெறுபேறு எதுவாக இருந்தாலும் பிள்ளை உயர்தரத் தொழிற்பிரிவில் சேரலாம். முதல் பகுதியில் மொழி, தகவல் தொழில்நுட்பம் போன்ற பொதுப் பாடங்களும் விரும்பிய தொழிற்பாடங்களும். பிறகு ஒரு பயிற்சி நிறுவனத்தில் தொழிற்பயிற்சி. முடிவில் தேசிய தொழிற் தகைமை நான்காம் மட்டம், எல்லாரும் சொல்கிறபடி என்.வி.கியூ. நான்கு. அங்கிருந்து ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்கும், ஏழில் பட்டத்துக்கும் ஏணி இருக்கிறது. கடதாசியில் பார்த்தால் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

'பெறுபேறு எதுவாக இருந்தாலும்' என்ற சொற்களை நீங்கள் 'பெறுபேறு இல்லாதவர்களுக்கு' என்று வாசித்துவிட்டீர்கள். அதுதான் என் முறைப்பாடு. சித்தியடைந்த பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு எப்படித் தெரியும்? சல்லி என்ற ஊரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி எஞ்சின் கொண்டு வருவார். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த அவருடைய மகளும் சில நாள் கூட வருவாள். ஒருநாள் அவர்களுடைய எஞ்சினை ட்ரம் தண்ணீரில் இறக்கி ஓட விட்டிருந்தேன். பக்கத்துச் சிறு துளையால் வரும் தண்ணீர் நூல் போல மெலிந்து வந்தது. அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைக் குளிர வைத்துவிட்டு வெளியே வருவது; அது மெலிந்தால் எஞ்சின் சூடேறி முடிந்துவிடும். துளையில் மண் அடைத்திருக்கும் என்று நான் கம்பி விட்டுக் குத்தினேன். எல்லாரும் முதலில் செய்வது அதுதான். மாற்றமில்லை. பிள்ளை துளைக்கு நேரே விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, தண்ணீரை மேலே தள்ளுவது எது?" என்று கேட்டாள்.

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. எஞ்சினை நிறுத்தி, கியர்க் கம்பியின் இணைப்பை விடுவித்து, கீழ்ப்பகுதியைக் கழற்றினேன். உள்ளே ரப்பர்ச் சக்கரம், நாங்கள் இம்பெல்லர் என்போம். மணலும் உப்பும் தின்று ஓர் இதழ் முறிந்திருந்தது. புதியதை எடுத்துப் போடப் போனேன். அவள் பழையதைக் கையில் வாங்கி இதழ்களை எண்ணினாள். "ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது எங்கே போயிருக்கும்?"

நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள நான் அன்று அதை மறந்திருந்தேன். முறிந்த துண்டு தண்ணீர்க் குழாய்க்குள் மேலே ஏறி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டால் இரண்டு நாளில் அதே நோய் திரும்பும். குழாயைக் கழற்றித் தட்டினேன். சுண்டுவிரல் நகமளவு கறுப்பு ரப்பர் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

அவளுக்குப் பெறுபேறு வந்தது. நல்ல பெறுபேறு. எஞ்சின், கப்பல் என்று ஏதாவது படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தொழிற்பிரிவு பற்றிக் கேட்கத் தகப்பனோடு ஒரு பாடசாலைக்குப் போனாள். "இவ்வளவு நல்ல பெறுபேற்றை வைத்துக்கொண்டு அந்த வகுப்புக்கா?" என்று கேட்டு வர்த்தகப் பிரிவு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பெண்பிள்ளை என்பதையும் சாடையாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வர்த்தகம் படிக்கிறாள். வர்த்தகம் ஒன்றும் குறைந்த படிப்பில்லை. நான் அதைச் சொல்ல வரவில்லை. பையனை உள்ளே தள்ளியதும் இவளை வெளியே நிறுத்தியதும் ஒரே வாய் என்றுதான் சொல்ல வருகிறேன்.

நம் மக்களுக்குத் தொழிற்கல்வி மீது உள்ள சந்தேகம் நேற்று வந்ததில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் 'தொழில் முன்னிலைப் பாடம்' என்று ஒன்று வந்தது. அந்தந்த ஊர்த் தொழிலை இடைநிலை வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுவது நோக்கம். என் மூத்த அண்ணன் அந்தத் தொகுதி. எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகித்துவிடுவீர்கள்: மீன்பிடி. வலைக்கண் அளவைக் கொப்பியில் வரைந்துகொண்டு வந்த அண்ணனைப் பார்த்து எங்கள் அப்பா சொன்னது வீட்டில் இன்றும் பேச்சு: "வலை பின்ன நான் இருக்கிறேன். நான் அறியாததைச் சொல்லிக் கொடுக்கத்தானே உன்னைப் பாடசாலைக்கு அனுப்பினேன்." நகரத்துப் பிள்ளைக்கு ஒன்று, கரைப் பிள்ளைக்கு ஒன்று, வயல் பிள்ளைக்கு ஒன்று என்று பிரித்தால் தகப்பன் தொழிலுக்குள் பிள்ளையைக் கட்டிப் போடுகிறார்கள் என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். சாதி பார்க்கிற சமூகத்தில் அப்படி நினைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1977 இல் ஆட்சி மாறியது, பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன, அந்தப் பாடம் போன இடம் தெரியவில்லை.

எனவே, கரைப் பிள்ளைக்கு எஞ்சின், வயல் பிள்ளைக்கு உழவு இயந்திரம் என்று பங்கு பிரிக்கச் சொல்லி நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வங்கி முகாமையாளரின் மகனும் என் பட்டறையில் கையை அழுக்காக்கிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகட்டும். அதுவும் ஒரு படிப்புத்தான்.

என் குருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் உலோக வேலை தெரிந்தவர்களின் வழித்தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் பாதி டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் தளத்தின் வாசலில் போய் நிற்கும். 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது அங்கே பிட்டராகவும் (பாகம் பொருத்துகிறவர்) டர்னராகவும் (உலோகம் கடைகிறவர்) இருந்தவர்களில் பலர் ஊரோடு தங்கினார்கள். படகுகளுக்கு எஞ்சின் பூட்டும் காலமும் கிட்டத்தட்ட அப்போதுதான் தொடங்கியது. என் குரு அப்படித் தங்கிய ஒருவரிடம் பழகியவர். தொழிலில் தெய்வம், கற்பிப்பதில் அரக்கன். முதல் ஒன்றரை ஆண்டு நான் மண்ணெண்ணெயில் உதிரிப்பாகம் கழுவினேன். ஏன் என்று கேட்டால் ஸ்பனரால் விரலில் ஒரு தட்டு. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைத் திறக்கும்போது வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்காருவார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் பழகினேன். இன்று சிலர் 'அந்தக் காலத்துக் குருகுலம்' என்று உருகுவதைக் கேட்டால் எனக்கு விரல் வலிக்கிறது. அந்த முறை திரும்ப வர வேண்டாம். பாடசாலை உள்ளே வர வேண்டும் என்று நான் கேட்பதே அதனால்தான்.

அதைவிட, அந்த முறை இனிச் செல்லாது. இப்போது வரும் புது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் காபரேட்டரே கிடையாது. மின்கட்டுப்பாட்டில் எரிபொருள் தெளிக்கும். பிழை வந்தால் கணினியைச் செருகி இலக்கத்தை வாசிக்க வேண்டும். அந்த இலக்கத்துக்குப் பொருள் ஆங்கிலக் கைநூலில் இருக்கும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர்கள் உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகுகளுக்கு இவற்றைத்தான் வாங்குகிறார்கள். முதல் எஞ்சின் வந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வாசித்துச் சொன்னவன் அந்த 50 மில்லிலீட்டர்ப் பையன்தான், கைத்தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி. 'படிப்பு வராது' என்று இனி யாராவது சொன்னால் அவனைக் கூட்டி வந்து முன்னால் நிறுத்துவேன்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. ஐம்பது வயதுக்குப் பிறகுதான் நான் சான்றிதழ் எடுத்தேன். ஏற்கனவே தொழில் தெரிந்தவர்களை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை ஒன்று இருக்கிறது, அதில் போனேன். செய்த வேலைகளின் படங்களைக் கோப்பாக்கிக் கொடுக்க வேண்டும், பிறகு மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார். வந்தவர் பணிவான இளைஞர். "ஐயா, தீப்பொறிச் செருகியின் இடைவெளி எவ்வளவு?" என்று கேட்டார். நான் விழித்தேன். அப்படி ஒரு சாமான் என் எஞ்சினில் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் மேசையிலிருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். "பிளக்கா தம்பி?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இடைவெளியைச் சொன்னேன், சித்தியடைந்தேன்.

உங்கள் பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருக்கிறது. தீப்பொறிச் செருகியை வரைந்து பாகம் குறிக்கிறார்கள். வாளிக்குள் கிடக்கும் பிளக்கை எடு என்றால் எதை எடுப்பதென்று தெரிவதில்லை. புத்தகச் சொல்லும் வேண்டும், பட்டறைச் சொல்லும் வேண்டும், கைநூலில் உள்ள ஆங்கிலச் சொல்லும் வேண்டும். மூன்றையும் ஒரே பொருளின் மேல் வைத்துச் சொன்னால் ஒரு நாள் வேலை. பொருள் இல்லாமல் சொன்னால் மூன்று ஆண்டானாலும் ஒட்டாது.

பொருள் பாடசாலையில் இல்லையா? சிலவற்றில் இருக்கிறது, பூட்டி இருக்கிறது. ஒருமுறை ஆலோசனை கேட்டு ஒரு பாடசாலைக்கு என்னை அழைத்துப் போனார்கள். ஊரைச் சொல்ல மாட்டேன். செயல்முறை அறையைத் திறக்கச் சாவி தேடவே அரை மணி நேரம். உள்ளே இரும்பை இறுக்கிப் பிடிக்கும் நல்ல வைஸ் ஒன்று, தொழிற்சாலையில் பூசிய கிரீஸோடும் சுற்றிய கடதாசியோடும் அப்படியே மேசையில் பூட்டப்பட்டிருந்தது. அலுமாரியில் ஸ்பனர் தொகுதி பெட்டி பிரிக்காமல். "ஏன் சேர் பாவிப்பதில்லை?" என்று கேட்டேன். "ஒன்று தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றார் பொறுப்பாசிரியர். பொருட் கணக்கெடுப்பு நாளில் எல்லாம் சரியாக இருந்ததாக அவருக்குப் பாராட்டுக் கிடைத்ததாம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் நிலையில் நானும் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

ஆனால் பத்தாம் இலக்க ஸ்பனர் தொலையாத பட்டறை இந்த உலகத்தில் கிடையாது. நான் வாங்கிய பத்தாம் இலக்கங்களை வரிசையாக வைத்தால் உட்துறைமுக வீதி வரை போகும். அதற்கு வழி பூட்டு இல்லை. ஒரு பலகையில் ஒவ்வொரு ஆயுதத்தின் உருவத்தையும் வர்ணத்தால் வரைந்து அதனதன் மேல் மாட்ட வேண்டும். மாலையில் கை கழுவ முன் வெறும் உருவம் ஏதாவது தெரிகிறதா என்று பிள்ளைகளே பார்க்க வேண்டும். தெரிந்தால் தேடிய பிறகுதான் வீடு. அதையும் மீறி ஆண்டுக்கு ஒன்றிரண்டு போகும். அந்த ஒன்றிரண்டைத் தேய்மானமாக எழுத ஆசிரியருக்கு நீங்கள் துணை நிற்க வேண்டும். கணக்காய்வாளர் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள். ஆசிரியர் தனியே போட மாட்டார்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. பெறுபேறு வந்த பிறகு எனக்குத் தொலைபேசி எடுப்பதை விட்டுவிட்டு, பெறுபேற்றுக்கு இரண்டு ஆண்டு முன்னால் எடுங்கள். தரம் 10 பிள்ளைகள் அனைவரையும், கெட்டிக்காரர் மக்கு என்று பிரிக்காமல், பத்துப் பேர் பத்துப் பேராக ஒரு கிழமை அனுப்புங்கள். எனக்கு மட்டும் இல்லை. குளிரூட்டி திருத்துகிறவருக்கு, மின்னிணைப்புச் செய்கிறவருக்கு, பைபர்ப் படகு வார்க்கிறவருக்கு, தச்சுவேலை செய்யும் ஓடாவிக்கு, வெல்டிங் பட்டறைக்கு. கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இப்படிப் பட்டறைகள் இருக்கின்றன. வெருகல் பக்கத்துப் பிள்ளை இதற்காக நகரத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. அந்தக் கிழமைக்குப் பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். பரீட்சை எழுதும் முன்னரே கேளுங்கள். அப்போது தொழிற்பிரிவைக் கேட்டு வருகிற பிள்ளை தானாக வருகிற பிள்ளை. அந்தப் பிள்ளைதான் எனக்கு வேண்டும்.

காலத்தையும் பார்த்து அனுப்புங்கள். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் பக்கக் கடல் அமைதி; சிலாபம், நீர்கொழும்புக்காரரும் இங்கே வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போடுவார்கள்; அந்த மாதங்களில் எஞ்சினை அவசரமாகச் சரிக்கட்டி அனுப்பத்தான் எனக்கு நேரம். பிள்ளைக்குப் பதில் சொல்ல வாய் வராது, குருவின் குணம் எனக்கும் வந்துவிடும். வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் படகுகள் கரையேறிவிடும். அப்போதுதான் எஞ்சின்கள் முழுதாகப் பிரிக்க வரும். ஒரு நாளில் மூன்று எஞ்சினின் வயிற்றைப் பார்க்கலாம். தொழிற்பயிற்சி மாதங்களை யார் எங்கே வகுக்கிறார்களோ தெரியாது. கடலைக் கேட்டு வகுத்தால் நல்லது என்று உங்கள் மேலிடத்துக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு விரல் போனால் யார் பொறுப்பு என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்த ஒரு கிழமையும் ஓடும் எஞ்சினை யாரும் தொட மாட்டார்கள். ஓடாத எஞ்சின்கள் என்னிடம் ஐந்தாறு கிடக்கின்றன, அவற்றில்தான் பழக்கம். கண்ணாடி, கையுறை, மூடிய சப்பாத்து நான் பார்த்துக்கொள்வேன். காப்புறுதியையும் பெற்றோர் கையெழுத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் வருவதானால் ஒரு ஆசிரியை கூட வரட்டும். பட்டறைக்குப் பின்னால் கழிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறேன், சல்லிப் பிள்ளை வந்துபோன பிறகுதான் அது இல்லையென்று எனக்கே உறைத்தது.

பெற்றோரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 'என் பிள்ளை கராஜில் நிற்பதா' என்று ஒரு தாய் உங்கள் அறையில் வந்து அழத்தான் செய்வார். அவரைச் சமாதானப்படுத்த சம்பளக் கணக்குச் சொல்லாதீர்கள். அது எல்லாரும் சொல்வது. மாகாணத்தில் முதலாவதாக வந்த பிள்ளையும் அந்த ஒரு கிழமைக்குப் போனது என்று சொல்லுங்கள். அதற்கு அந்தப் பிள்ளையை நீங்கள் உண்மையிலேயே அனுப்பியிருக்க வேண்டும்.

பழகியவர்கள் கட்டாருக்குப் போய்விடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். போவார்கள். என்னிடம் பழகிய ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் போனவர்கள் உதவியாளர் என்ற பெயரில் பாரம் தூக்குகிறார்கள். அதே கைகள்தான், அதே அறிவுதான். சீனன்குடாவின் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும், நிலாவெளி ஹோட்டல்களுக்கும் கை தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும். அங்கே நிற்பதும் கப்பலேறுவதும் அவர்கள் விருப்பம். போகிறவன் கடதாசியோடு போகட்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஒரு கொடையும் வைத்திருக்கிறேன். என் பட்டறை மூலையில் பதினைந்து குதிரைவலு யமஹா ஒன்று நிற்கிறது. பிளாக் வெடித்து இனி ஓடாது, ஆனால் உள்ளே எல்லா உறுப்பும் இருக்கிறது. இம்பெல்லருக்கு ஆறு இதழும் இருக்கிறது. செயல்முறை அறையைத் திறந்து வைக்கிறேன் என்று முதலில் சொல்கிற பாடசாலைக்கு அதை இலவசமாகத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: தயவுசெய்து பொருட்பதிவேட்டில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் அலுமாரிக்குள் போய்விடும்.

கொண்டுபோக ஒரு முச்சக்கர வண்டி போதும். சீமெந்து மூட்டையை விடச் சற்றுக் குறைந்த பாரம், ஆனால் பிடி கிடைக்காத உருவம். தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராவது தரம் 10 பிள்ளையாக இருக்கட்டும். கழுவி, கட்டி வைத்திருப்பேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வராதீர்கள், அன்று நான் கோயிலுக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
எஞ்சின் பாஸ்
திருக்கடலூர், திருகோணமலை